சுவடிப் பிழைகளும் திமிங்கிலத்தின் கால்களும்: பரிணாமத்துக்கு என்ன ஆதாரம்?

பள்ளிகளிலும் நூலகங்களிலும் பரிணாமம் பற்றிப் பேசப் போகும்போது, பேச்சு முடிந்து நாற்காலிகளை மடக்கும் நேரத்தில்தான் நல்ல கேள்விகள் வருகின்றன. ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைத் தொகுத்து, வாசலில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

பரிணாமம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு கூற்றுகளை. இன்றுள்ள உயிரினங்கள் எல்லாம் முன்பு வாழ்ந்த வேறு உயிரினங்களின் வழித்தோன்றல்கள். போதுமான அளவு பின்னோக்கிப் போனால் நமக்கும் வேப்பமரத்துக்கும்கூட ஒரு பொது மூதாதை உண்டு என்பது முதலாவது. இந்த மாற்றத்தை நடத்தும் முக்கிய விசை இயற்கைத் தேர்வு என்பது இரண்டாவது. பிள்ளைகள் பெற்றோரை அச்சாக உரித்து வைத்ததுபோல் பிறப்பதில்லை. சிறு வேறுபாடுகள் இருக்கின்றன, அவற்றில் பல மரபாகத் தொடர்கின்றன. பிழைத்து இனம் பெருக்க உதவும் வேறுபாடு அடுத்த தலைமுறையில் கூடுதலாகக் காணப்படும். பிரிட்டிஷ் இயற்கையியலாளர்களான டார்வினும் வாலஸும் தனித்தனியே இந்த எண்ணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'பரிணாம வளர்ச்சி' என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டுதான் மனத்தில் வருகிறது. நம் குடலில் வாழும் நாடாப்புழுவுக்குச் சொந்தமாகக் குடலே கிடையாது. அதன் முன்னோருக்கு இருந்தது, அது இழந்துவிட்டது. அதுவும் பரிணாமம்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைக் 'கூர்ப்பு' என்கின்றன. எனக்குப் பிடித்த சொல்.

இது வெறும் கோட்பாடுதானே? நிரூபிக்கப்பட்ட உண்மையா?

அன்றாடப் பேச்சில் 'அது அவருடைய தியரி' என்றால் அவருடைய ஊகம் என்று பொருள். அறிவியலில் ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். பல கருதுகோள்கள் சோதனையில் தேறி, ஏராளமான உண்மைகளை ஒரே நூலில் கோக்கும்போதுதான் கோட்பாடு என்கிறோம். கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அதை நம்பித்தான் அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கை கழுவுகிறார்.

யாராவது பரிணாமம் நடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அளந்தும் இருக்கிறார்கள். கலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்குள்ள குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோய், நம் ஊர் நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் கெட்டியான முள்விதைகளே மிஞ்சின. தரைக்குருவி இனம் ஒன்றில் ஏறத்தாழ 1,200 பறவைகள் 180 ஆகக் குறைந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகு கொண்டவையே அதிகம். அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நெருஞ்சியை உடைக்க முடிந்ததா முடியாமல் போனதா என்பதை அந்த அளவுதான் தீர்மானித்தது.

இன்னொன்று ஆய்வகத்தில் நடந்தது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-ல் ஒரே ஈ. கோலை பாக்டீரியாவின் வழித்தோன்றல்களை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் ஒரு துளியைப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள்; 500 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு பகுதியை உறைய வைப்பார்கள். இன்று அந்தச் சோதனை 75,000 தலைமுறைகளைத் தாண்டிவிட்டது. குடுவை நீரில் சிட்ரேட் என்ற பொருளும் உண்டு. ஆக்சிஜன் இருக்கும்போது அதை உண்ண முடியாமை ஈ. கோலையின் அடையாளங்களில் ஒன்று. ஏறத்தாழ 31,500-வது தலைமுறையில் ஒரே ஒரு குடுவை திடீரென்று கலங்கிப்போனது; அதிலிருந்தவை சிட்ரேட்டை உண்ணத் தொடங்கியிருந்தன. உறைய வைத்த மூதாதைகளை எடுத்து மீண்டும் வளர்த்துப் பார்த்தார்கள். பிந்திய தலைமுறைகளிலிருந்து தொடங்கியவை மட்டுமே அந்தத் திறனை மறுபடி பெற்றன. அதற்கு முன்பே வேறு மாற்றங்கள் வந்து வழியைத் திறந்து வைத்திருந்தன என்று அர்த்தம்.

பருத்தி விவசாயிகள் மூன்றாவது சாட்சி. பூச்சியைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கிக்கொண்டது உறுதியானது. விதைப் பொட்டலத்தோடு சாதாரணப் பருத்தி விதையையும் கொடுத்து 'ஓரத்தில் நடுங்கள்' என்று சொன்னதன் காரணமே பரிணாமம்தான். நஞ்சைத் தாங்கும் புழுக்கள் தங்களுக்குள்ளேயே இணைந்தால் எதிர்ப்பு வேகமாகப் பரவும். ஓரத்தில் வளரும் சாதாரணப் புழுக்களோடு கலந்தால் தாமதமாகும். அந்த ஓர விதைகள் எதற்கு என்று விவசாயிக்குப் புரியும்படி விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் 'சும்மா கொடுக்கிறார்கள்' என்று நினைக்க விட்டது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

சரி, ஆனால் புழு புழுவாகத்தானே இருக்கிறது? ஒரு விலங்கு வேறு விலங்காக மாறியதற்கு ஆதாரம்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் திமிங்கிலத்தைத்தான் எடுத்துக்கொள்வேன், அந்தக் கதையின் பெரும்பகுதி நம் துணைக்கண்டத்துப் பாறைகளில் எழுதப்பட்டிருப்பதால்.

திமிங்கிலம் மீன் போல இருக்கிறது. ஆனால் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. நீந்தும் விதத்தைக் கவனியுங்கள். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். திமிங்கிலம் மேலும் கீழும் அசைக்கும். ஓடும் நாயின் முதுகு வளைந்து நிமிரும் அதே அசைவு. நிலத்தில் ஓடிய முதுகெலும்பு அது. டார்வினும் இதை ஊகித்தார். வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடி ஒன்றை உதாரணம் காட்டி, அப்படிப்பட்ட விலங்கு திமிங்கிலம் போல ஆகலாம் என்று 1859-ல் எழுதினார். எல்லோரும் கேலி செய்தார்கள். அடுத்த பதிப்பில் அதைச் சுருக்கிவிட்டார். கையில் புதைபடிவம் இல்லாமல் அவரால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

1981-ல் பாகிஸ்தானில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்குப் 'பாகிசீட்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. பின்னர் கிடைத்த எலும்புகளைச் சேர்த்துப் பார்த்தால் நாலுகால் பிராணி, ஓநாய் அளவு. அதைத் திமிங்கிலக் குடும்பத்தில் சேர்த்தது எதனால்? காதால். நடுக்காதை மூடும் கிண்ணம் போன்ற எலும்பின் உட்புறச் சுவர் திமிங்கிலங்களில் மட்டும் விசித்திரமாகத் தடித்திருக்கும். பாகிசீட்டஸுக்கு அந்தத் தடிப்பு இருந்தது. 1994-ல் ஆம்புலோசீட்டஸ் வெளிவந்தது: முதலையைப் போலப் பதுங்கும் உடல், நடக்கவும் நீந்தவும் உதவும் பெரிய பின்பாதங்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்ததற்கு, கிடைத்த இடத்தின் பெயராலேயே கட்சிசீட்டஸ் என்று 2000-ல் பெயரிட்டார்கள் சுனில் பாஜ்பாயும் ஹான்ஸ் தெவிசனும். எகிப்தின் பாலைவனத்தில் பசிலோசாரஸ் கிடந்தது, 15 மீட்டருக்கு மேல் நீளம், முழுக்க முழுக்கக் கடல்வாசி. ஆனால் 1990-ல் அதன் பின்னங்கால்கள் பற்றிய ஆய்வு வெளியானது: முழங்கால், கணுக்கால், விரல்கள் எல்லாம் உண்டு, அந்த உடலைத் தாங்கவே முடியாத குட்டிக்கால்கள். பற்களில் பதிந்துள்ள ஆக்சிஜன் வகைகளைக் கொண்டு அந்த விலங்கு குடித்தது நன்னீரா கடல்நீரா என்றும் சொல்லிவிடலாம். பாகிசீட்டஸ் குடித்தது ஆற்று நீர்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1990-களில் ஒரு சண்டை நடந்தது. டி.என்.ஏ. ஆராய்ந்தவர்கள், திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்றார்கள். அதாவது ஆடு, மாடு, பன்றி, மான் அடங்கிய இரட்டைக்குளம்பு விலங்குகளின் கிளை. எலும்பு ஆராய்ந்தவர்களில் பலர், பற்களை வைத்து, அழிந்துபோன வேறொரு ஊனுண்ணிக் கூட்டத்தைக் கைகாட்டினார்கள். எப்படித் தீர்ப்பது? ஆட்டின் பின்னங்கால் கணுவில் ஓர் எலும்பு உண்டு. கறிக்கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முனையிலும் கிணற்றுக் கப்பி போலப் பள்ளம் இருக்கும். இந்த இரட்டைக் கப்பி இரட்டைக்குளம்பு விலங்குகளின் முத்திரை. டி.என்.ஏ. சொல்வது சரியென்றால், கால் இருந்த பழைய திமிங்கிலத்தின் கணுவில் அது இருந்தாக வேண்டும். 2001-ல் பாகிஸ்தானில் கிடைத்த படிவங்களில் கணுக்கால் எலும்பு வெளிப்பட்டது: இரட்டைக் கப்பி. மாற்றுக் கருத்துக் கொண்டிருந்த பிலிப் ஜிஞ்சரிச்சே அதைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்களில் ஒருவர். சான்றைப் பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

பிறகு காஷ்மீர்க் கல். இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவியிடம் பல ஆண்டுகள் பத்திரமாக இருந்தன. அந்தப் பாறைகளைத் தெவிசனின் குழு உடைத்து எலும்பெடுத்தபோது, ஒரு மண்டையோட்டின் காதெலும்பு கைதவறி உடைந்தது. உடைந்த விளிம்பில் அதே தடித்த சுவர்! பூனை அளவே உள்ள, சிறு மான் போன்ற அந்தப் பிராணிக்கு இந்தோஹியஸ் என்று பெயர். ஆய்வு 2007-ல் வந்தது. அதன் கால் எலும்புகள் தண்ணீரில் மூழ்கி நடக்கும் விலங்குகளுக்கே உரிய கனத்தோடு இருந்தன. இது பாகிசீட்டஸைவிடச் சற்றுப் பிந்தியது. ஆகவே திமிங்கிலத்தின் தாத்தா இது என்று சொல்லக் கூடாது; தாத்தாவின் தம்பி வழிவந்த கிளை என்று சொல்லலாம்.

இன்றைய டால்பினின் கருவிலும் பின்னங்கால் மொட்டுகள் தோன்றி மறைகின்றன. 2006-ல் ஜப்பானில் பிடிபட்ட ஒரு டால்பினுக்கு அவை மறையாமல், பின்பக்கம் ஒரு ஜோடிக் கூடுதல் துடுப்புகளாக நின்றுவிட்டன.

பாறையின் வயது 5 கோடி ஆண்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கார்பன் சோதனை தவறாகிவிடும் என்கிறார்களே?

கார்பன்-14 சோதனையை இதற்குப் பயன்படுத்துவதே இல்லை. அது 50,000 ஆண்டு வரைதான் உதவும். கீழடிக் கரித்துண்டுக்குப் பொருந்தும், திமிங்கிலத்துக்குப் பொருந்தாது. பழைய பாறைகளுக்கு யுரேனியம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகும்போது உருவாகும் சிர்கான் படிகம் யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பின்னாளில் அதற்குள் ஈயம் இருந்தால் யுரேனியம் சிதைந்து வந்ததாகத்தான் இருக்க முடியும். யுரேனியம்-238 பாதியாகச் சிதைய 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235-க்கு 70 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பாமல் இருக்கக் காரணம் வேண்டும். புதைபடிவ அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலை இப்படி அளந்து, நடுவில் உள்ளதன் வயதைக் கணிக்கிறார்கள்.

புதைபடிவங்களைத் தங்களுக்கு வேண்டியபடி அடுக்கிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு?

கிடைத்தபின் அடுக்குவதாக இருந்தால் இந்தச் சந்தேகம் நியாயமானது. கிடைப்பதற்கு முன்பே சொன்னால்? மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையான ஆற்றுப் படிவுகளில் இருக்க வேண்டும் என்று புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபினும் நண்பர்களும் கணக்குப் போட்டார்கள். நிலவியல் வரைபடத்தில் அந்த வயதுப் பாறை வெளியே தெரியும் இடத்தைத் தேடினார்கள். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் அகப்பட்டது. 1999-ல் தேடத் தொடங்கியவர்களுக்கு 2004-ல் டிக்டாலிக் கிடைத்தது: மீனின் செதிலும் துடுப்பும் உண்டு, அந்தத் துடுப்புக்குள் மேற்கை எலும்பும் முன்கை எலும்புகளும் மணிக்கட்டும் உண்டு, மீனுக்கு இல்லாத கழுத்தும் உண்டு.

பித்தலாட்டங்களும் நடந்திருக்கின்றனவே?

நடந்திருக்கின்றன. 1912-ல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மனிதன், மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையை இணைத்துச் செய்த மோசடி. 1953-ல் அதை அம்பலமாக்கியவர்கள் அறிவியலாளர்கள். ஆப்பிரிக்காவில் கிடைத்துக்கொண்டிருந்த மெய்யான படிவங்களோடு அது ஒத்துப்போகாமல் நின்றதும் சந்தேகத்தை வளர்த்தது.

டி.என்.ஏ. என்ன சொல்கிறது?

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சுவடியைப் பெயர்த்து எழுதுகிறவர் எங்காவது ஓர் எழுத்தை விட்டுவிடுவார், ஒரு வரியை இருமுறை எழுதிவிடுவார். அந்தப் படியைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவார். ஆகவே இரண்டு சுவடிகளில் அதே இடத்தில் அதே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலப்படியிலிருந்து வந்தவை. சரியான எழுத்து இருவருக்கும் பொதுவாக இருப்பது எதையும் நிரூபிக்காது. தவறான எழுத்து பொதுவாக இருப்பதுதான் உறவைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் நமக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும். ஆட்டுக்கும் நாய்க்கும் அந்தக் கவலை இல்லை. அவற்றின் உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. தயாரிப்பின் கடைசிப் படிக்கான மரபணு நமக்கும் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் நம் ஊர்க் குரங்குகளுக்கும் அதே மரபணு உடைந்திருக்கிறது, சேதமும் பெருமளவு பொதுவானது. கினிப்பன்றிக்கும் அது வேலை செய்யாது. ஆனால் அங்கே சேதம் வேறு விதம், தனியாக நேர்ந்த விபத்து. பரம்பரை மரம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே பிழைகளும் பிரிந்து நிற்கின்றன.

இன்னும் வலுவானது வைரஸ் எச்சங்கள். சில வைரஸ்கள் தங்கள் மரபுப் பொருளை நம் டி.என்.ஏ.-வுக்குள் செருகிவிடும். அது விந்திலோ முட்டையிலோ நேர்ந்தால் பரம்பரைச் சொத்தாகிவிடும். நம் மரபுத்தொகுதியில், அதாவது மொத்த டி.என்.ஏ.-வில், ஏறத்தாழ 8 சதவீதம் இப்படி வந்த எச்சங்கள். முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட அந்தச் சுவடியில், நமக்கும் சிம்பன்சிக்கும் ஆயிரக்கணக்கானவை அச்சு மாறாமல் அதே இடங்களில் இருக்கின்றன.

படைத்தவரே ஒரே வடிவமைப்பைப் பல இடத்தில் பயன்படுத்தியிருக்கலாமே?

வேலை செய்யும் உறுப்புகளுக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். உடைந்த மரபணுவை, அதே விதமாக உடைத்து, உறவுமுறை வரிசைப்படி வைத்ததற்கு என்ன காரணம் சொல்வது? சுவடிப் பிழையை முன்னே சொன்னது இதற்காகத்தான்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

மிக அதிகம் கேட்கப்படுவது இதுதான், சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. உங்கள் பெரியப்பா மகன் உங்களுக்குத் தகப்பன் அல்ல. இருவருக்கும் தாத்தா ஒருவர். நீங்கள் பிறந்ததால் அவர் மறைந்துபோக வேண்டியதில்லை. சிம்பன்சி நமக்கு அப்படிப்பட்ட பங்காளி. ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதை இன்றைய சிம்பன்சியும் அல்ல, மனிதனும் அல்ல.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. நமக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. மூதாதை பொது என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகியிருக்க வேண்டும். குரோமோசோமின் முனைகளில் ஆறெழுத்து வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வரும், கயிற்றின் நுனி பிரியாமல் போட்ட முடிச்சுபோல. முனையில் மட்டுமே இருக்க வேண்டிய அந்த வரிசை, மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில், இரு முனைகள் எதிரெதிரே மோதிய நிலையில் இருப்பது 1991-ல் வெளியானது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடுப்பு போல ஒரு மையப்புள்ளி உண்டு. இதில் இயங்கும் ஒன்றோடு, செயலிழந்த இரண்டாவதன் எச்சமும் இருக்கிறது.

கண் போன்ற நுட்பமான உறுப்பு தற்செயலாக உருவாகுமா?

தற்செயலாக உருவாகாது. மாற்றம் வருவதுதான் தற்செயல். எது நிலைக்கிறது என்பது தற்செயல் இல்லை. பாதிக் கண்ணால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். பிளனேரியா புழுவுக்கு ஒளியுணரும் செல்கள் ஒரு குழிவில் இருக்கின்றன; வெளிச்சம் எந்தத் திசை என்று தெரிந்தால் அதற்குப் போதும். ஓட்டுக்குள் வாழும் கடற்பிராணியான நாட்டிலஸுக்கு வில்லையே இல்லாத ஊசித்துளைக் கண். ஒவ்வொரு படியும் இன்று உயிரோடு நீந்துகிறது. தட்டையான ஒளித்தோலிலிருந்து மீன்கண் வரை வர எத்தனை தலைமுறை ஆகும் என்று நில்சன், பெல்கர் என்ற ஆய்வாளர்கள் 1994-ல், வேண்டுமென்றே மந்தமான வேகத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். நாலு லட்சத்துக்கும் குறைவு என்று வந்தது.

நம் கண் நுட்பமானதுதான், ஆனால் குறை உண்டு. ஒரு தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் கூட்டல் குறியும் வலப்பக்கம் ஒரு புள்ளியும் வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ ஓர் அடித் தொலைவில் புள்ளி காணாமல் போகும். நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடம் அது. ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் பின்பக்கமாகவே போவதால் அதற்கு இந்தக் குருட்டுப்புள்ளி கிடையாது.

உயிரினங்கள் எங்கே வாழ்கின்றன என்பதும் ஆதாரமாகுமா?

ஆகும். டார்வினையும் வாலஸையும் முதலில் உலுக்கியதே அதுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதாத்தவளை ஒன்று இருக்கிறது. பன்றிமூக்கு, பலூன் உடல். ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடந்து, மழைக்காலத்தில் இனம் பெருக்கச் சில நாள் மட்டும் வெளியே வரும். எஸ். டி. பிஜுவும் ஃப்ராங்கி போசுய்ட்டும் 2003-ல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். ஊதாத்தவளைகளின் மிக நெருங்கிய உறவினர்கள் கேரளத்திலோ இலங்கையிலோ இல்லை. கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் குட்டித் தவளைகள். தவளைக்கு உப்புநீர் ஆகாது. ஆனால் செஷல்ஸின் கருங்கல் தீவுகள் ஒருகாலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்து, ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நிலம் பிரிந்தது, தவளைகளும் பிரிந்தன. 2017-ல் ஊதாத்தவளையின் இரண்டாவது இனம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து விவரிக்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள்.

தொல்காப்பியத்திலும் தசாவதாரத்திலும் இது முன்பே சொல்லப்பட்டுவிட்டதே?

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. புலன்களைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்திய அந்தக் கூர்மையை நான் வியக்கிறேன். ஆனால் ஓரறிவுயிரிலிருந்து ஈரறிவுயிர் தோன்றியது என்று அது சொல்லவில்லை. மாணிக்கவாசகர் புல் முதல் தேவர் வரை அடுக்கும் பிறவிகள் ஓர் உயிரின் பயணம். மீன், ஆமை, பன்றி என்ற அவதார வரிசை இறைவனின் திருவிளையாடல். அவை பேச வந்த பொருளே வேறு. பரிணாமத்துக்குச் சான்றாக அவற்றை நிறுத்தினால் இரண்டு பக்கமும் நியாயம் கெடும்.

கடவுள் நம்பிக்கை உள்ளவர் இதை ஏற்க முடியுமா?

ஏற்றவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் முன்னணிப் பரிணாம ஆய்வாளர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ழான்ஸ்கி கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். மேலே சொன்ன கணுக்கால் எலும்பைப் பார்க்க நாத்திகராக இருக்க வேண்டியதில்லை.

எது கிடைத்தால் பரிணாமம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

50 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையில் ஒரு முயல். இடம் மாறாமல், போலி இல்லாமல், ஒன்றல்ல பல. அல்லது பங்காளிகளைவிட்டு முற்றிலும் அந்நியமான விலங்கோடு பொதுப்பிழைகளைப் பகிரும் மரபுத்தொகுதி. உலகெங்கும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், இதுவரை வரவில்லை.

மனிதன் இப்போதும் மாறிக்கொண்டிருக்கிறானா?

இருக்கிறான். 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடம், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் 'அரிவாள் செல்' இரத்தம் கண்டறியப்பட்டது, இந்தியாவில் முதல்முறை. அதற்குக் காரணமான மரபணு இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியா கொல்வது குறைகிறது. 1954-ல் ஆண்டனி ஆலிசன் ஆப்பிரிக்காவில் இதை நிறுவினார். கொசு மிகுந்த இடங்களில், துன்பம் தரும் மரபணு ஒன்று தலைமுறைகள் தாண்டி நிலைத்ததற்குக் காரணம் இயற்கைத் தேர்வு. இன்றும் அந்தக் குடும்பங்கள் படும் வலியைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு வேண்டும். 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர்கள் செய்தது சரி. பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலை எடுக்காத பிள்ளைக்கு இதைப் படிக்க வேறு வாய்ப்பே இல்லை.

நானே பார்க்கக்கூடிய ஆதாரம் ஏதாவது உண்டா?

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை உள்ளே மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் புடைத்து நிற்கலாம். சிலருக்கு அது இருக்காது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு கையில் மட்டும் இல்லை. இல்லாததால் பிடியின் வலிமை குறைவதில்லை. முன்னோரிடமிருந்து வந்த, இன்று பெரிதாகத் தேவைப்படாத மிச்சம் அது. அறுவை மருத்துவர்கள் அதை எடுத்து வேறிடத்தில் ஒட்டுப்போடப் பயன்படுத்துகிறார்கள். குளிரிலும் பயத்திலும் மயிர்க்கூச்செறிவதும் அப்படித்தான். பயந்த பூனை ரோமத்தைச் சிலிர்த்துப் பெரிதாகத் தெரிவது போல நமக்கும் தசை இழுக்கிறது, சிலிர்க்கத்தான் ரோமம் இல்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போனால் அதன் அளவைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். திமிங்கிலத்தின் துடுப்பு எலும்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தோளிலிருந்து ஒற்றை எலும்பு, பிறகு இரண்டு, பிறகு சிறு எலும்புகளின் கூட்டம், பிறகு வரிசையாக விரல்கள். பிள்ளையின் கையைப் பிடித்துத் தோளிலிருந்து விரல் நுனிவரை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள்.